பிபி மெஷின் உண்மையில எதை அளக்குது?

வீட்டுல அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கோமே, அந்த டிஜிட்டல் பிபி மெஷின், அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம். ஊசி கிடையாது, ரத்தக் குழாய்க்குள்ள எதுவும் போகல. ஆனா திரையில 138/86-னு காட்டுது. எப்படி?

முதல்ல பழைய கதை. 1896-ல இத்தாலி டாக்டர் ரீவா-ரோச்சி, கையில கஃப் சுத்திக் காத்தடிச்சு, மணிக்கட்டுல நாடி எந்த அழுத்தத்துல நிக்குதுன்னு பாதரசத்துல பார்த்தார். மேல் அளவு மட்டும்தான் கிடைச்சுது. 1905-ல ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் கூடவே ஸ்டெதஸ்கோப் வெச்சார். கஃப் இறுக்கிப் பிடிச்சிருந்தா ரத்தம் ஓடாது, சத்தமும் வராது. காத்தை மெதுவா விடும்போது, ரத்தம் இடுக்கு வழியா பாய ஆரம்பிச்சதும் 'டப் டப்'னு கேட்கும். அது மேல் அளவு. சத்தம் அடங்குற இடம் கீழ் அளவு.

நம்ம வீட்டு மெஷின் பெரும்பாலும் சத்தம் கேட்கிறதில்ல. உள்ள ஒரு பிரஷர் சென்சார் இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கஃப்ல இருக்கிற காத்து லேசா அதிரும். கஃப் அழுத்தம் குறையக் குறைய அந்த அதிர்வு பெருசாகி, அப்புறம் சின்னதாகும். அது உச்சத்துல இருக்கிற இடம், சராசரி ரத்த அழுத்தத்துக்குக் கிட்ட வரும். மேல், கீழ் அளவு ரெண்டையும், அதிர்வு ஏறி இறங்குற வடிவத்தை வெச்சு ஒரு அல்காரிதம் கணிக்குது. கம்பெனிக்குக் கம்பெனி அந்த கணக்கு வேற, பொதுவா வெளியில சொல்லவும் மாட்டாங்க. கோட் எழுதுற எனக்கு இதுதான் செம விஷயம்: நாம பார்க்கிற ரெண்டு நம்பருமே எஸ்டிமேட்!

அப்போ நம்பலாமா? முறைப்படி சோதிச்சு அங்கீகரிச்ச மாடல்னா தாராளமா நம்பலாம். ஆனா இன்புட் தப்பா போனா அவுட்புட்டும் தப்பாதான் வரும். கைக்குக் கஃப் சின்னதா இருந்தா அளவு கூடுதலா காட்டும். கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழ தொங்கினா 7, 8 புள்ளி ஏறிடும். பேசிக்கிட்டே பார்த்தாலும் ஏறும். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவங்களுக்கு ஒவ்வொரு அதிர்வும் வேற மாதிரி இருக்கும், அதனால கணிப்பு தடுமாறலாம். அவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கிறது நல்லது.

இந்த நம்பரை வெச்சுதான் அம்மாவோட மாத்திரை கூடுது, குறையுது. அதனால 5 நிமிஷம் சாய்ஞ்சு உட்காரச் சொல்லுங்க. கால் தரையில, கை மேஜை மேல. ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பார்த்து, நோட்டுல எழுதி வைங்க. ஒரே ஒரு ரீடிங்கைப் பார்த்து நீங்களா மாத்திரையை மாத்தாதீங்க.