முகநூலில் இருப்பது உங்கள் அகப்பக்கமா?

எனக்கு முன் பேசியவர்கள் கணினித் துறையைச் சேர்ந்தவர்கள். நான் வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, தொலைக்காட்சி அறிவிப்புப் பணிக்கு வந்தவள். நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் என் அகப்பக்கத்தை நானேதான் நடத்தி வருகிறேன். ஆகவே, தெரியாதவர்களின் சார்பில் பேச எனக்குத் தகுதி உண்டு!

நிகழ்ச்சிக்கு வரும் கலைஞர்களிடம், "உங்கள் அகப்பக்க முகவரி என்ன?" என்று கேட்பது என் வழக்கம். உறுமி மேளக் குழுவினர், நடனமணிகள், திருமண அலங்காரம் செய்பவர்கள் என யாராக இருந்தாலும் பெரும்பாலும் முகநூல் பெயரையே சொல்வார்கள். படம் போட அது சுலபம். கூட்டமும் அங்கேதான் இருக்கிறது. போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், இத்தனை ஆண்டு உழைப்பும் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று கேட்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

காரணம் உண்டு. 1990களில் ஜியோசிட்டீஸ் என்ற சேவை யார் கேட்டாலும் இலவசமாக அகப்பக்கம் கொடுத்தது. 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஜப்பானில் மட்டும் 2019 வரை இருந்தது. தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்ததில் ஒரு பகுதி தப்பியது. மைஸ்பேஸ் இன்னும் மோசம். அங்கே இசைக் கலைஞர்கள் ஏற்றி வைத்திருந்த பழைய பாடல்கள், கணினி மாற்றத்தின்போது அழிந்துவிட்டன என்று 2019இல் அந்நிறுவனமே அறிவித்தது. வேறு நகல் வைத்திருக்காதவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இணையத்தில் தமிழை ஏற்றியதில் நம் வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் எழுத்துச் சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. எழுத்து வந்துவிட்டது. சொந்த இடம்தான் நம்மில் பலருக்கு இன்னும் இல்லை.

அதற்குத்தான் வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் போன்ற திறமூல மென்பொருள்கள். நீங்கள் எழுதுவது ஒரு தரவுத்தளத்தில் சேரும்; பக்கத்தின் தோற்றத்தை வார்ப்புரு தனியே கவனித்துக்கொள்ளும். மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவருக்கு இது போதும். இலவசம் என்பதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. பி2 என்ற மென்பொருளை எழுதியவர் பணியை நிறுத்திவிட்டபோது, அதைப் பயன்படுத்தி வந்த மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதே நிரலை எடுத்து 2003இல் வேர்ட்பிரஸ் ஆக்கினார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, உரிமமே அனுமதித்தது. 2005இல் மாம்போ குழுவில் பிணக்கு வந்தபோது, பிரிந்தவர்கள் நிரலோடு போய் ஜூம்லாவைத் தொடங்கினார்கள். கடைக்காரர் கடையை மூடினாலும் நம் சரக்கு நம்மிடம் இருக்கும்.

புதியவர்களுக்கு நான் வேர்ட்பிரஸைச் சொல்வேன். டாட் காம் என்று முடியும் வேர்ட்பிரஸ் தளம் ஒரு நிறுவனத்தின் சேவை; மென்பொருள் கிடைப்பது டாட் ஆர்க்கில். உங்களுக்கு வேண்டியவை முகவரிப் பெயரும் வழங்கியில் இடமும். பல வழங்கி நிறுவனங்களில் ஒரு பொத்தானை அழுத்தினாலே மென்பொருள் நிறுவப்பட்டுவிடும்.

முகவரியை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதியுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் செய்து கொடுத்தார், அவர் பெயரில் இருக்கிறது, இப்போது அவர் வேலை மாறி எங்கோ போய்விட்டார் என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காசு கட்டியவர் நீங்களாக இருந்தாலும், பதிவில் பெயர் இருப்பவருக்கே அந்த முகவரி.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தகவல். வேர்ட்பிரஸ் உங்கள் தலைப்பையே பக்கத்தின் முகவரியாக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளே 9 குறியீடுகளாக விரியும். இருக்கும் இடமோ 200தான். ஆக, 22 குறிகளோடு முகவரி அறுந்துபோகும். கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனிக் கணக்கு! எனவே முகவரிப் பகுதியை நீங்களே சுருக்கி எழுதுங்கள். நான் ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறேன்; புலனத்தில் அனுப்பும்போது நீண்ட வால் முளைப்பதில்லை.

புதிய பதிப்பு வந்தால் உடனே மேம்படுத்துங்கள். பழைய செருகுநிரல் வழியாகத்தான் திருடர்கள் நுழைகிறார்கள். நகலெடுக்கும்போது எழுத்து தரவுத்தளத்திலும் படங்கள் கோப்புகளிலும் இருப்பதை மறக்காதீர்கள், இரண்டும் வேண்டும். நகல் அதே வழங்கியில் கிடந்தால் பயனில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியில் இறக்கி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும்.