கண்ணெதிரே ஒரு மலை



பீடோங், குரூண், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் வாழ்கின்ற நம் மக்கள் நாள்தோறும் ஒரு மலையைப் பார்க்கிறார்கள். அதுதான் ஜெராய் மலை. நான் அறிந்த மூதாட்டி ஒருவர் நாற்பது ஆண்டுகள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பால்மரம் வெட்டியவர். "மேலே போயிருக்கிறீர்களா, பாட்டி?" என்று கேட்டேன். "நமக்கு எதுக்கையா அதெல்லாம்? துரைமார் போற இடமாச்சே" என்றார்.

அந்த எண்ணத்தை மாற்றவே இன்று பேச வந்தேன். குடும்பத்தோடு இரண்டு நாள் மலைக்குப் போய்வருவது செல்வர்களுக்கு மட்டும் உரியதன்று. முன்கூட்டியே திட்டமிடுகிற எந்தக் குடும்பத்திற்கும் அது கைகூடும்.

கேமரன் மலைக்குப் போக நம்மில் பலருக்கு ஆசையுண்டு. ஆனால் அது பகாங் மாநிலத்தில் இருக்கிறது. தொலைவும் அதிகம், செலவும் அதிகம். முதல் பயணத்திற்கு அருகிலுள்ள மலையே போதும். ஜெராயின் உயரம் ஏறத்தாழ 1,217 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆகவே அடிவாரத்தில் வியர்வை வழிகின்ற நேரத்திலும் மேலே பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும். வானம் தெளிந்திருந்தால் ஒருபுறம் கடல் தெரியும்; மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல்கள் விரிந்து கிடக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. கெடாவில் மழை குறைந்து வானம் தெளிவது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். ரப்பர் மரம் இலையுதிர்க்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். பால் குறையும், கூலியும் குறையும். மலை நம்மை அழைக்கின்ற மாதத்தில் நம் கை வறண்டிருக்கிறது! அப்போது கடன் வாங்கிப் புறப்பட்டால், இரண்டு நாள் மகிழ்ச்சிக்கு ஆறு மாதம் வட்டி கட்ட நேரிடும்.

இதற்கு வழி என்ன? பால் நன்றாக இறங்கும் மாதங்களிலேயே சேமிக்கத் தொடங்குங்கள். வாரம் 10 வெள்ளி எடுத்து வைத்தால் முப்பது வாரத்தில் 300 வெள்ளி சேரும். கணக்கை எழுதும் பொறுப்பைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். வண்டி, தங்குமிடம், சாப்பாடு என்று பிரித்து எழுதட்டும். ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று தனியே வையுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசினால் செலவு குறையும். பணம் போதவில்லையா? இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள். திட்டத்தைச் சுருக்கலாம், கடனைப் பெருக்கக்கூடாது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்கும், பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

தாய்மார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாரும் உலாவிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் விடியுமுன் எழுந்து சோறு கட்டி, மாலையில் பாத்திரம் கழுவினால், அது அவருக்கு விடுமுறையாகுமா? வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாதுகாப்பு. புறப்படுமுன் மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வளைவுகள் மிகுந்த பாதை அது; இறங்கும்போது வண்டி கீழ்க் கியரில் வரவேண்டும். அடிவாரத்து ஓடைகளில் குளிப்போர் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெராயிலிருந்து திடீரென்று பாய்ந்த வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பலிகொண்டது. நாம் நிற்கின்ற இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினாலும், இலையும் சருகும் மிதந்து வந்தாலும், உடனே பிள்ளைகளோடு கரையேறி மேட்டுக்குச் சென்றுவிடுங்கள். விட்டுவந்த துணிமணிக்காகத் திரும்பாதீர்கள்.

வரும் வழியில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்தையும் பாருங்கள். பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களை அங்கே காணலாம். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இந்தக் கெடாதான் என்பர். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கின்ற வரலாறு அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே கிடக்கிறது என்பதை அவர்கள் நேரில் உணரவேண்டும் அல்லவா?

முதலில் சொன்ன மூதாட்டியை மறு ஆண்டு அவருடைய பேரப்பிள்ளைகள் சேர்ந்து மேலே அழைத்துப் போனார்கள். கடலையும் வயலையும் எல்லாரும் வியந்து பார்த்துக்கொண்டிருக்க, பாட்டி மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு வேறு பக்கம் எதையோ தேடினாராம். பிறகு கையை நீட்டி, "அதோ, நம்ம தோட்டம்!" என்றாராம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரமே முதல் பத்து வெள்ளியை எடுத்து வையுங்கள்.