மல்லிகட்டானி: உருக்குலைந்த ஒரு தமிழ்ச்சொல்
(கூடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உதகை, மைசூர், மலையாளக்கரை ஆகிய முத்திசை வழிகளும் கூடுமிடம் கூடலூர். இங்குத் தேயிலைக்கு நிழல்தரும் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. அக்கொடியின் காயோடு கடல்கடந்து, உருக்குலைந்து திரும்பிய தமிழ்ச்சொல் ஒன்று உண்டு. அதுதான் 'மல்லிகட்டானி'.

ஆங்கில அகரமுதலிகளில் அது காரச்சாறு ஒன்றின் பெயர். உணவுவிடுதிப் பட்டியலில் அதைக் காணும் தமிழர், மேலைநாட்டுப் பண்டம் என மயங்குகின்றனர். மல்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது மிளகுத்தண்ணீரே! தமிழ்ச் சமையலர் 'மிளகுத்தண்ணி' என்றதை ஆங்கிலர் நா அவ்வாறு திரித்தது. ஈற்றிலுள்ள 'டானி', பழுப்புமஞ்சள் நிறங்குறிக்கும் ஆங்கிலச்சொல்லின் எழுத்துக்கூட்டைப் பெற்றதால், மயக்கம் மேலும் மிகுந்தது.

தண்ணீர் என்பதும் தனிச்சொல்லன்று. தண்மையும் நீரும் சேர்ந்தது. ஆகவே மிளகு, தண், நீர் என்னும் மூன்று தமிழ்ச்சொற்கள் அவ்வொரு சொல்லுள் ஒளிந்துள்ளன. கொதிக்கும் சாற்றைத் தண்ணீர் எனல் பொருந்துமோ? சுடுதண்ணீர் என்பது போன்ற வழுவே அது. அதற்கு வெந்நீர் என்பது செவ்விய வடிவம் ஆதல்போல், இதற்கு மிளகுநீர், மிளகுச்சாறு என்பனவே செவ்வியன.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இச்சொல் ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஆப்சன்-சாப்சன்' அகராதி, அதன் தமிழ் மூலத்தை ஒப்புக்கொள்கிறது. சென்னை மாகாணத்து ஆங்கில அலுவலரை இச்சொல்லின் தலைப்பகுதியால் 'மல்' எனப் பட்டப்பெயரிட்டு அழைத்தமையையும் அது குறிக்கிறது. ஆண்டவர்க்கே ஆளப்பட்டவரின் சாறு பெயர் தந்தது! இறைச்சியும் அரிசியும் சேர்த்து அவர்கள் சுவையை மாற்றினர். சொல்லின் வேரை மாற்ற இயலவில்லை.

மிளகோடு தமிழ்ச்சொல் கடல்கடந்தது இதுவொன்று மட்டுமன்று. மிளகுக்குக் 'கறி' என்பது பழம்பெயர். யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து, முசிறியில் மிளகேற்றிச் சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு காட்டுகிறது. அக்கறியே பின்னர் உணவுவகைக்குப் பெயராகி, ஆங்கிலத்தில் 'கரி' ஆயிற்று. கட்டுமரமும் அவ்வாறே 'கட்டமரான்' ஆயிற்று.

மிளகு பறிக்கும் தாய் வீட்டில் மிளகுத்தண்ணி வைக்கிறாள். நகர்சென்ற மகனோ விடுதியில் 'மல்லிகட்டானி' கேட்கிறான். விற்ற மிளகுக்கு விலை வந்தது. விட்ட பெயருக்கு என்ன வந்தது? அயலார் திரித்தது அவர்தம் நாவின் குறை. திரிந்ததையே தமிழர் உயர்வென ஏற்பது நெஞ்சின் குறை. முன்னதற்கு மருந்தில்லை, பின்னதற்கு உண்டு. இனி விடுதியில் அமரும் தமிழர் ஒவ்வொருவரும் வாய்நிறைய 'மிளகுநீர்' என்று கேட்கட்டும்!