கொடுப்பதற்கு முன் கேட்டல்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது சமண இல்லறத்தார் அனைவரும் இளமையிலேயே கற்கும் பாடம். காலை இழந்த உழவன் ஒருவனுக்குச் செயற்கைக் கால் அளித்தல் இந்நான்கனுள் எதில் அடங்கும்? மருத்துவத்தின்பாற் பட்டதாகலின் ஔஷத தானம் என்று ஒருவர் கூறலாம். வாழ்நாள் முழுதும் பிறர் கையை எதிர்பார்த்திருக்க நேருமே என்னும் அச்சத்தை நீக்குவதால் அபய தானம் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டும் பொருந்தும். ஆனால், கொடுத்த கால் அவன் வாழ்க்கைக்குப் பொருந்தாவிடில் அது எத்தானமும் ஆகாது. இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்று ஜெய்ப்பூரில் நிகழ்ந்தது.

அந்நகரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவ வல்லுநராக விளங்கியவர் பிரமோத் கரண் சேத்தி. அக்காலத்தில் கால் இழந்தோர்க்கு மேலை நாட்டு முறையில் அமைந்த செயற்கைக் கால்களே அளிக்கப்பட்டன. அவற்றின் பாதம் காலணிக்குள் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. கணுக்கால் போதிய அளவு மடங்காது. நாற்காலியில் அமர்ந்து, காலணியுடன் நடமாடும் மக்களுக்கு அது போதும். நம் நாட்டு உழவனோ தரையில் சம்மணமிட்டு உண்பவன். குந்தியமர்ந்து காலைக்கடன் கழிப்பவன். வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவன். காலணியைக் கழற்றிவிட்டே கோயிலுள் நுழைபவன். ஆகவே, அரிதிற் பெற்ற கால் வீட்டு மூலையில் கிடந்தது. அவன் பழைய ஊன்றுகோலையே மீண்டும் நாடினான்.

குறை பெற்றவனிடம் இல்லை, கொடுத்த பொருளில் உள்ளது என்பதைச் சேத்தி உணர்ந்தார். அவருடன் இணைந்து உழைத்தவர் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞர். அவருக்குப் பள்ளிப் படிப்பு குறைவு, கைத்திறனோ பெரிது. மருத்துவரின் உடற்கூற்று அறிவும் கைவினைஞரின் பட்டறை அறிவும் ஒன்றுகூடி, 1968இல் ‘ஜெய்ப்பூர் கால்’ பிறந்தது. நுரை ரப்பரும் மரமும் உள்ளே அமைய, டயர்த் தொழிலில் பயன்படும் ரப்பரும் நூலிழையும் மேலே சுற்றப்பட்டு, அச்சிலிட்டுச் சூடேற்றி அப்பாதம் செய்யப்பட்டது. தோலின் நிறமும் விரல்களின் வடிவமும் அதற்கு உண்டு. பல பக்கமும் வளையும், நீர் பட்டாலும் கெடாது, காலணி வேண்டாதது. சேத்தி அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அறிந்தவர் எவரும் செய்து பிறர்க்கு உதவலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. 1981இல் அவருக்கு ராமன் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

எனினும், முதல் ஏழு ஆண்டுகளில் பயன் பெற்றோர் மிகச் சிலரே. பொருள் இருந்தது, அது ஏழையைச் சென்றடையும் வழி இல்லை. பகவான் மகாவீரர் மோட்சமடைந்த 2,500ஆம் ஆண்டு நாடெங்கும் போற்றப்பட்ட காலத்தில், 1975இல், தேவேந்திர ராஜ் மேத்தா ‘பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி’யைத் தொடங்கினார். இந்திய ஆட்சிப் பணி அலுவலரான அவர், விபத்தொன்றில் தம் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர். ஆகவே, நோயாளி படும் அலைச்சலை அவர் அறிந்திருந்தார். முன்பதிவின்றி எவரும் வரலாம், தங்க இடமும் உண்ண உணவும் உண்டு, அளவெடுத்துப் பொருத்துதல் பெரும்பாலும் ஒரே நாளில் முடியும், கட்டணம் இல்லை. தினக்கூலி பெறும் ஒருவன் பலமுறை வந்து செல்ல இயலாது என்பதை எண்ணி வகுத்த முறை இது. இன்று வெளிநாடுகளிலும் முகாம்கள் நடைபெறுகின்றன; இலட்சக்கணக்கானோர் பயன் பெற்றுள்ளனர்.

தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக வலக் காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்தி, கடும் பயிற்சிக்குப் பின் மீண்டும் பரதமாடினார். அவருடைய உறுதியே அவ்வெற்றிக்கு முதற்காரணம். பொருந்திய கால் அதற்குத் துணையாயிற்று.

சான்றோர்களே, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் ஏறத்தாழச் சிற்றூர்களில் வாழ்பவர்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சக்கர நாற்காலி, செவிப்பொறி போன்ற துணைக்கருவிகள் தேவைப்படுவோருள் அவற்றைப் பெறுவோர் செல்வ நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை. சில ஏழை நாடுகளிலோ நூற்றுக்கு மூவரே. இவ்விடைவெளியை நிரப்ப அறக்கட்டளைகள் முன்வருதல் நன்று. ஆனால், விழா மேடையில் சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதுடன் அறம் நிறைவுறுவதில்லை. அந்நாற்காலி அவர் வீட்டு வாசலில் நுழையுமா, தெருவின் மணலில் உருளுமா, பழுதுற்றால் செப்பனிடுவார் உளரா என்று கொடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டறிதல் வேண்டும். செயற்கைக் காலும் சில ஆண்டுகளில் தேய்வது. மாற்றிக்கொள்ள வழி காட்டுவதும் கொடையின் ஒரு பகுதியே.

இச்சமுதாயம் இவ்வாண்டிலேயே தொடங்கத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, ஊர்தோறும் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று மாற்றுத்திறனாளிகளின் தேவையை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுக் குறித்தல். இரண்டாவது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் நான்கு விழுக்காடு இட ஒதுக்கீடு அளிப்பதை எடுத்துரைத்து, சான்றிதழும் அடையாள அட்டையும் பெற உடன் சென்று உதவுதல். மூன்றாவது, ஜினாலயங்களின் வாயிலில் படிகளுக்கு அருகே சாய்தளம் ஒன்று அமைத்தல்.

பல்லாண்டுகள் நாள்தோறும் ஜினாலயம் சென்று வணங்கிய மூதாட்டி, கால் தளர்ந்தபின் வாசற்படிக்கு வெளியே நின்று கைகூப்பித் திரும்புதல் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி. அவர் எவரிடமும் குறை கூறுவதில்லை, கேட்பாரும் இல்லை. கேட்பாரின்மையே அவருக்கு நேர்ந்த பெருந்துன்பம். அடுத்த ஜயந்தி வருவதற்குள் அவர் உள்ளே வந்து அருகனைத் தொழுவாராயின், இவ்விழா எடுத்ததன் பயன் நிறைவுறும்.

அறம் வளர்க!