தொட்டிக்குள் ஓர் ஏரி

என் வீட்டுப் பரணில் 22 ஆண்டுகளாக ஒரு கண்ணாடித் தொட்டி கிடந்தது. சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதைக் கீழே இறக்கினோம். என் பேத்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதில் இருந்த மீன்கள் எங்கே, தாத்தா?" என்று கேட்டாள். "செத்துப்போயின" என்றேன். "யார் கொன்றது?" என்று மறுகேள்வி போட்டாள். அப்போது நான் விடை கூறவில்லை. இன்று நேயர்களாகிய உங்கள் முன் கூறுகிறேன்: கொன்றவன் நானே.

அத்தொட்டியை வாங்கிய அன்றே குழாய்நீரை நிரப்பி, மாலையில் பன்னிரண்டு மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் நீர் கலங்கியது. உடனே நீரையெல்லாம் இறைத்துவிட்டு, மணலையும் வடிகட்டியின் பஞ்சையும் பளிச்சென்று கழுவிப் புதுநீர் ஊற்றினேன். மீண்டும் கலங்கிற்று, மீண்டும் கழுவினேன். இரண்டு வாரத்தில் பன்னிரண்டும் மாண்டன. இவ்வளவு தூய்மையாக வைத்திருந்தும் வாழவில்லையே என்று மீன்களின் மேலேயே எனக்கு வருத்தம்!

உண்மை என்னவெனில், அந்தத் தூய்மையே அவற்றுக்கு எமனாயிற்று. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகையினால் நைட்ரைட்டு நைட்ரேட்டாக மாறிப் பெரும்பாலும் தீங்கற்றதாகிறது. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். நானோ, குடியேற வந்தவற்றைக் குளோரின் கலந்த குழாய்நீரால் அடிக்கடி கழுவி விரட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய தொட்டியின் மூலைகளில் பசை இற்றுப்போயிருந்தது. ஆகவே நான்கடி நீளத்தில் புதியதொன்று செய்வித்தேன். 250 லிட்டர் கொள்வது. என்ன மீன் வளர்ப்பது? வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குப் பேத்தியை அழைத்துச் சென்றேன். எலுமிச்சைப் பழம்போல் மஞ்சளான ஒரு மீனை அவள் சுட்டினாள். ஆப்பிரிக்கச் சிக்லிட் குடும்பத்தது; லாபிடோகுரோமிஸ் சீருலியஸ் என்பது அதன் பெயர். சீருலியஸ் என்றால் நீலம் என்று பொருள்! பெயரிட்டவரைக் குறை கூறுவதற்கில்லை. அந்த இனத்தில் வேறு நிறத்தவையும் உண்டு.

இதன் தாயகம் மலாவி ஏரி. முன்னர் நியாசா என்று வழங்கியதும் அதுவே. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, சில இடங்களில் எழுநூறு மீட்டர் ஆழமும் உடைய அவ்வேரியில் பல நூறு சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. சிக்லிட் என்றதும் அயலாரென்று எண்ணிவிட வேண்டாம். நம் குளங்களில் மலிந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையும் அந்த ஆப்பிரிக்கக் குடும்பத்ததே. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பெருகி நாட்டு மீன்களை நெருக்கிய கதை பலரும் அறிந்தது. வளர்த்து அலுத்த மீனைக் குளத்தில் விடுவோர் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையது. எங்கள் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. தவலையின் உட்புறம் வெள்ளையாகப் படியும். இதற்காக அந்நீரை வையாத நாளில்லை. சோதித்துப் பார்த்தால், இம்மீனுக்கு ஏறத்தாழ ஏற்ற நீர் அது! சிறிது கிளிஞ்சலை வடிகட்டியில் இட்டதும் குறை தீர்ந்தது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பி.எச். எண் ஏழிலிருந்து எட்டாக உயர்ந்தால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிறது. பிழை செய்தவனை இந்நீர் எளிதில் மன்னிப்பதில்லை.

முதலில் கருங்கற்களைத் தொட்டியின் அடித்தளத்திலேயே பதிய அடுக்கினேன். பிறகே மணல் பரப்பினேன். மாற்றிச் செய்தால் மீன்கள் மணலைத் தோண்டும்போது கற்கள் சரிந்துவிடும். பின்னர், மீனே இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை இரை இட்டு வந்தேன். அது அழுகி அம்மோனியா ஆகட்டும், நுண்ணுயிர்கள் உண்டு பெருகட்டும் என்பது கருத்து. என் மனைவி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கல்லுக்கா சோறு போடுகிறீர்கள்?" என்று கேட்டாள். பேத்தியோ நாள்தோறும், "நாளைக்கு மீன் வருமா?" என்பாள். சோதனைத் திரவத்தின் நிறத்தைக் காட்டி அவளைத் தேற்றுவேன். அம்மோனியா ஏறி இறங்கிற்று. பிறகு நைட்ரைட்டு ஏறி இறங்கிற்று. ஆறாம் வாரம் இரண்டும் இல்லை என்று கண்ட பிறகே மீன்களை, ஒரே நாளில் அன்றிச் சிறிது சிறிதாக, விட்டேன். இப்போது பன்னிரண்டு உள்ளன. வாரந்தோறும் நீரில் கால் பங்கை மட்டும் மாற்றுகிறேன். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு மீன் இரையைத் தீண்டாது ஒதுங்கி நின்றது. பழைய அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. உற்று நோக்கினால் தாடை புடைத்திருந்தது. முட்டையிட்டு, அவற்றை வாயில் ஏந்திக்கொண்டிருந்த தாய் அது. ஜிலேபிக் கெண்டையும் இவ்வாறே அடைகாக்கும். குஞ்சுகள் நீந்தும் பருவம் எய்த ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதுவரை தாய் இரையை நாடுவதில்லை எனலாம்.

இன்று பதினேழாம் நாள். குஞ்சுகளுக்கென்று சிறு தொட்டி ஒன்றை ஆயத்தம் செய்து, பெரிய தொட்டியில் ஊறிய பஞ்சை அதில் இட்டிருக்கிறேன். பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைக் கழற்றாமலே கண்ணாடியருகே சென்று பார்க்கிறாள். பார்த்துவிட்டு, தாய்மீனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லிய குரலில், "இன்னும் வாயைத் திறக்கவில்லை, தாத்தா" என்று எனக்கு அறிவிக்கிறாள்.