முயல் கூடும் சம்பளக் கணக்கும்

(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம் முயல் வளர்ப்பு. "சங்கக் கூட்டத்தில் முயலுக்கு என்ன வேலை?" என்று பின்னால் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நமது டிவிஷன்களில் லயத்துக்கு லயம் போய்ப் பாருங்கள். எத்தனையோ வீட்டுக் கோடிப்புறத்தில் கூடு நிற்கிறது. சில வீட்டில் கினிப்பன்றியும் இருக்கிறது. 2022இல் அரிசி, மா, பருப்பு எல்லாம் எட்டாத விலைக்குப் போனபோது பலர் ஆரம்பித்தது. விலை கொஞ்சம் இறங்கியும் கூடு இறங்கவில்லை. நம் வீட்டுக்குள் வந்துவிட்ட வேலை இது. நம் வேலை எதுவோ அது சங்கத்தின் விஷயம்.

முதலில் வளர்ப்பைப் பேசுவோம், பிறகு கணக்கைப் பேசுவோம். கணக்குதான் முக்கியம். ஆனால் குட்டி செத்துப்போனால் கணக்குப் போட எதுவும் மிஞ்சாது.

கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள். ஒரு தாய் முயலுக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும். அடியில் அரை அங்குலக் கம்பி வலை போட்டால் எரு கீழே விழும், கூடு காயும். ஒரு மூலையில் பலகைத் துண்டு வையுங்கள். எந்நேரமும் கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும். முயல் குளிரைத் தாங்கும். தாங்காதது ஈரமும் காற்றும்தான். நம் பக்கம் ஆனி, ஆடி மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்று அடிக்கிற பக்கத்தை உரப்பை கொண்டாவது மறையுங்கள். கதவுக்கு நல்ல கொண்டி போடுங்கள். நாய் வரும், சில தோட்டத்தில் சிறுத்தையும் வரும்.

தீனியில் பெரும் பங்கு புல்தான். குவாட்டமாலா புல், மற்றப் புல் எதுவென்றாலும் மழையில் நனைந்ததை அப்படியே போடாதீர்கள். வெட்டி, விரித்து, கொஞ்சம் வாடவிட்டுப் போடுங்கள். கரட் இலை நல்லது. கோவா இலையை அளவோடு கொடுங்கள், கூடினால் வயிறு ஊதும். உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை, தேயிலை மூன்றும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். முயல் தன் பின்புறத்தில் வாய் வைத்து மிருதுவான ஒரு வகை எருவைத் தின்னும். அது நோய் இல்லை. அதன் குடலுக்குத் தேவையான சாப்பாடு அது.

அடுத்தது ரொம்ப முக்கியம். களைக்கொல்லி அடித்த மலையில் புல் அறுக்காதீர்கள். கிளைபோசேட்டை 2015இல் நாட்டில் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தடையை நீக்கினார்கள். ஆகவே மருந்து நம் மலையிலும் இருக்கிறது. எந்த மலைக்கு எந்த நாளில் அடிக்கிறார்கள் என்று பெரட்டுக் களத்திலேயே கேளுங்கள். அடிப்பவரும் நம் ஆள்தான், அவருக்குத் தெரியும்.

இனி குட்டி எடுப்பது. ஐந்தாறு மாதம் முடியாத பெண் முயலைச் சேர்க்காதீர்கள். சேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் அது தன் இடம் என்று கடித்துக் குதறும். சேர்த்த நாளைக் கொப்பியில் எழுதுங்கள். 31 நாள் கணக்கு, ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகும். 28ஆம் நாள் காய்ந்த புல் போட்ட பெட்டியை உள்ளே வையுங்கள். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். தாய் பக்கத்திலேயே இருக்காது. நாளைக்கு ஒருமுறை, இருமுறை வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போகும். இதைப் பார்த்து, "தாய் பால் கொடுக்கவில்லை டீச்சர்" என்று பிள்ளைகள் பாடசாலையில் வந்து அழுகிறார்கள். குட்டியின் வயிறு நிறைந்து உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கிறது. தொந்தரவு செய்யாதீர்கள். ஆறு கிழமையில் குட்டியைப் பிரித்து, தாய்க்கு ஓய்வு கொடுத்துப் பிறகு சேர்த்தால் வருஷத்துக்கு நாலு ஈற்று எடுக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தாய் இளைத்துப் போகும். ஓய்வில்லாமல் வேலை வாங்கினால் உடம்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

கினிப்பன்றி வேறு சாதி. தென்னமெரிக்காவில் பெரு நாட்டு மலைக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அடுப்படியில் வைத்து வளர்க்கிற பிராணி அது. அங்கே அது இறைச்சிக்கு. இங்கே டவுனில் பிள்ளைகள் ஆசைக்கு வாங்குகிறார்கள். அது முயலைவிட நீண்ட காலம் சுமக்கும், இரண்டு மாதத்துக்கும் மேல். குட்டி கண் திறந்து, மயிரோடு பிறக்கும். மறுநாளே புல் கடிக்கும். முதல் ஈற்றை ஏழு மாத வயதுக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இடுப்பெலும்பு இறுகி, பிரசவத்தில் தாய் சாகும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படும் என்பதால், ஆணை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். ஆண் குட்டிகளை மூன்று கிழமையில் பிரியுங்கள். நம் உடம்பைப் போலவே அதன் உடம்பும் விற்றமின் சியை உண்டாக்காது. தினமும் பச்சைப் புல்லும் கீரையும் கொடுக்க வேண்டும், கொய்யாப் பழத் துண்டும் கொடுக்கலாம். வெறும் தவிடும் சோறும் போட்டால் மூட்டு வீங்கிப் படுத்துவிடும். அதற்குக் கம்பித் தரை ஆகாது, பலகைத் தரையில் காய்ந்த புல் போடுங்கள். முயலோடு ஒரே கூட்டில் விடாதீர்கள். முயல் உதைக்கும், முயலிடமுள்ள நோயும் தொற்றும்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்பென்சரியில் பிள்ளைக்குத் தந்த அமொக்சிசிலின் மாத்திரையில் மீதியைக் கரைத்து இந்தப் பிராணிகளுக்கு ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அந்த மருந்து இவற்றின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். வருத்தம் என்றால் அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

சரி, இனி கணக்குக்கு வருவோம்.

தோட்டத்துக்கு வருகிற ஐயாமார் சிலர் ஒரு கதை சொல்கிறார்கள். "ஏன் சம்பளத்துக்குச் சண்டை பிடிக்கிறீர்கள்? சுயதொழில் செய்யுங்கள். இரண்டு முயல் வாங்கினால் போதும், வருஷத்தில் பணக்காரர்" என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கரும்பலகையில் எழுதி நம் பிள்ளைகளுக்குப் போடுகிற கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு தாய் முயல். வருஷத்துக்கு நாலு ஈற்று. ஈற்றுக்கு ஐந்து குட்டி பிழைத்தது என்று வைப்போம். மொத்தம் 40 குட்டி. ஒன்று 1000 ரூபாவுக்குப் போனது என்று வைப்போம். 40,000 ரூபா. கம்பி, பலகை, தவிடு, பஸ் செலவு எதையும் இன்னும் கழிக்கவில்லை. 2024இல் சம்பள நிர்ணயச் சபை மூலம் வந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா. 40,000 ரூபாவை 1350ஆல் பிரித்துப் பாருங்கள். 30 பேர்கூட முழுசாக வராது. வருஷம் முழுக்கப் பாடுபட்டால் ஒரு மாதப் பேருக்குச் சமம்.

இன்னொரு கணக்கு. புல் அறுக்க ஒரு மணி நேரம். கூடு கழுவ, தீனி போட, தண்ணீர் வைக்கக் காலையும் மாலையுமாக இன்னொரு மணி நேரம். நாளைக்கு இரண்டு, வருஷத்துக்கு 730 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால் 91 நாள். 91 நாள் வேலைக்கு 30 நாள் சம்பளம்! துரை இப்படிக் கொடுத்தால் நாம் வேலைக்கு இறங்குவோமா?

அந்த 730 மணி நேரம் யாருடையது? விடியக் காலை எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்தெடுத்து, தலைச்சுமையோடு வருகிற அம்மாவுடையது. இல்லையென்றால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகளுடையது. புல்லுக்குப் போனதால் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று சொல்கிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். எல்லாம் பெண் பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் அந்நேரம் மைதானத்தில் கிரிக்கெட். அண்ணன்மாரே, மச்சான்மாரே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: கூடு வீட்டுக்கு வந்தால் புல் கத்தி உங்கள் கைக்கும் வர வேண்டும்.

"அப்படியென்றால் வளர்க்க வேண்டாமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். வளர்க்கலாம், நல்லாய் வளர்க்கலாம். புல்லுக்குக் காசில்லை. எரு வீட்டுத் தோட்டத்துக் கீரைக்கும் லீக்ஸுக்கும் போகிறது. சாப்பிடுகிற வீட்டில் பிள்ளைகளுக்கு மாதத்தில் இரண்டு நாள் இறைச்சி கிடைக்கிறது. பாடசாலை தொடங்கும் நேரம் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் நாலு குட்டி விற்றால், வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற லோன்காரனிடம் கையேந்தத் தேவையில்லை. இந்த நன்மை எதுவும் சின்னதில்லை. ஆனால் இது சம்பளத்தோடு சேர்கிற கைக்காசு. சம்பளத்துக்குப் பதிலாக யார் இதைக் காட்டினாலும் ஏற்க முடியாது. ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்று தாய் முயலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் முயலை வளர்க்கவில்லை, முயலுக்கு வேலைக்குப் போகிறீர்கள்.

வீடு வீடாகத் தனியே செய்ய முடியாத ஐந்து காரியம் இருக்கிறது. அதற்குத்தான் மாதர் குழு வேண்டும்.

முதலாவது, ஆண் முயலை மாற்றிக்கொள்வது. ஒரு சோடியில் ஆரம்பித்து, அதன் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு போனால் சில தலைமுறையில் குட்டி குறையும், நோஞ்சானாகும், சாகும். மேல் டிவிஷன் ஆண் முயல் கீழ் டிவிஷனுக்குப் போகட்டும், அங்கிருந்து ஒன்று இங்கே வரட்டும். எந்த முயல் எங்கே பிறந்தது என்று குழுவில் ஒரு கொப்பி இருந்தால் போதும்.

இரண்டாவது, விற்பனை. வியாபாரி லயத்துக்கு வந்து, கூட்டை எட்டிப் பார்த்து, "எழுநூறு தாறேன்" என்கிறார். நாமும் தூக்கிக் கொடுத்து விடுகிறோம். கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் குறைக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிற நாம், முயலை மட்டும் ஏன் கண்மதிப்பில் விற்கிறோம்? குழுவுக்கு ஒரு தராசு வாங்குவோம். ஒரே நாளில், ஒரே விலையில், எடை போட்டு விற்போம்.

மூன்றாவது, இடம். லயத்துக்குப் பின்னால் கூடு கட்டினால் "தோட்டக் காணி, கழற்று" என்று கடிதம் வருகிறது. இந்தத் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கத்துக்கு வந்தவை. 1992இல் கம்பெனிகளிடம் போனது நிர்வாகம். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பம் கொஞ்சம். லயத்தில் இருக்கிற குடும்பம் இன்னும் எத்தனை! சுயதொழில் செய் என்று ஒரு வாயால் சொல்லி, கூட்டைக் கழற்று என்று மறு வாயால் சொல்ல முடியாது. கூட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் இடத்தை எழுத்தில் தர வேண்டும் என்று தோட்டத் தலைவர் மூலம் கேட்போம். காணி உரிமை என்ற பெரிய கோரிக்கையில் இதுவும் ஒரு பகுதி.

நான்காவது, மிருக வைத்தியர் அலுவலகத்திலிருந்து குறித்த ஒரு நாளில் தோட்டத்துக்கு வரச் சொல்லி மனுக் கொடுப்பது. ஒருத்தி போய்க் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். நூறு கையெழுத்தோடு போனால் திகதி தருவார்கள்.

ஐந்தாவது, மருந்து அடிக்கும் மலையின் இலக்கத்தையும் நாளையும் முதல் நாளே பெரட்டுக் களத்தில் எழுதிப் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பது. முயலுக்காக ஆரம்பித்தாலும் இது நமக்காகவும்தான். அந்த மலையோரம்தான் நம் பீலித் தண்ணீர் வருகிறது, நம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள்.

தாய்மார்களே, இன்று கூட்டம் முடிந்ததும் முயல் வளர்க்கிற வீட்டார் கொஞ்சம் நில்லுங்கள். பேர், டிவிஷன், எத்தனை தாய், எத்தனை ஆண் என்று கொப்பியில் எழுதுவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டாரும் வரவு செலவு எழுதிக்கொண்டு வாருங்கள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். சம்பளப் பேச்சு வரும்போது, "முயல் வளர்த்துப் பிழைக்கலாமே" என்று யாராவது சொன்னால், அந்தக் கொப்பியை மேசையில் வைப்போம்.