இசைத்தட்டிலும் பாடபேதம்



உரும்பிராயிலிருந்து கோப்பாய், நீர்வேலி கடந்து போனால் சிறுப்பிட்டி வரும். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர் அது. ஏட்டுக்கு ஏடு சொல் வேறுபடுவதைப் பாடபேதம் என்கிறோம். நம் வீட்டு வானொலியில் ஒலித்த சினிமாப் பாட்டுக்கும் பாடபேதம் உண்டு என்றால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் உண்டு.

1966இல் வெளிவந்த 'அன்பே வா' படத்துக்கு வாலி எழுதிய பாட்டொன்றில் 'உதய சூரியன்' என்ற தொடர் இருந்தது. அது தி.மு.க.வின் சின்னம். தணிக்கையாளர் மறுத்தனர், படத்தில் அது 'புதிய சூரியன்' ஆயிற்று. அதே ஆண்டு வந்த 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தில், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பாட்டில் இசைத்தட்டு அறிஞர் அண்ணாவின் பெயரைச் சொல்லும், படமோ திரு.வி.க.வின் பெயரைச் சொல்லும். சில மாதங்களில், 1967இல், அண்ணா முதலமைச்சரானார். ஒரு சொல்லின் மாற்றத்துக்குள் ஓர் அரசியற் காலமே அடங்கிக் கிடக்கிறது.

குரலே மாறியதும் உண்டு. 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டுக்களுக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது.

இன்னொரு காரணம் தொழில்நுட்பம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். நீண்ட பாட்டு இரண்டு பக்கமாய்ப் பிரிந்தது. அல்லது சரணம் ஒன்றை இழந்தது. படத்தில் முழுமையாய் இருப்பது தட்டில் குறைந்திருக்கும்; தட்டில் இருப்பது படத்தில் வெட்டுண்டிருக்கும்.

பிறகு இறுவட்டு வந்தது. ஒரு நிறுவனம் பழைய தட்டின் மூலத்திலிருந்து பிரதி செய்யும். இன்னொன்று படச்சுருளின் ஒலியிலிருந்து எடுக்கும். மேலுறையில் பாட்டின் பெயர் ஒன்றே. ஆகையால் தேடுவோர் பெயரை நம்புவதில்லை. பாட்டின் நேரத்தை விநாடிக் கணக்கில் ஒப்பிடுவர். இறுவட்டின் உள்வளையத்தில் பொறித்த எண்ணைப் பார்ப்பர். சுருதி ஏறியிருக்கிறதா, பின்னால் முள் உரசும் ஓசை கேட்கிறதா என்று செவி கொடுப்பர். ஏட்டை ஒப்புநோக்கிய வேலைதான் இதுவும்.

மேல்நாட்டார் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டனர். பீற்றில்ஸ் குழுவின் 1968ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் ஒரு பாட்டின் ஸ்ரீரியோப் பதிவு, கையில் கொப்புளம் என்று றிங்கோ ஸ்ரார் கத்துவதோடு முடியும். மோனோப் பதிவில் அந்தக் கத்தல் இல்லை. 2009இல் மோனோப் பதிவுகளையும் தனித் தொகுதியாய் இறுவட்டில் வெளியிட்டார்கள்.

நமக்கு இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம் இருந்தது. யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவு நிலையங்களும் இருந்தன. துண்டில் பாட்டுக்களை எழுதிக் கொடுத்தால் தட்டிலிருந்து கசற்றில் பதிந்து தருவார்கள். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றியும் பாட்டுக் கேட்டோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சனம் கைக்கு அகப்பட்டதைத்தான் கொண்டு போனது. கசற்றுப் பெட்டியைச் சுமக்க யாருக்குக் கை இருந்தது?

தொட்டால் ஒடியும் ஏடுகளைக் கண்டு தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் வருந்தினார். காந்தநாடாவும் அப்படித்தான் உதிர்கிறது. இன்று இணையத்தில் எந்தப் பிரதி ஏறுகிறதோ அதுவே 'அந்தப் பாட்டு' என்று நிலைத்துவிடுகிறது. தணிக்கை செய்த சொல்லே மூலச் சொல்லாகிவிடும். மாற்றியவன் யார் என்ற கேள்வியும் அதோடு மறையும்.

ஆகவே நேயர்களே, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உரும்பிராயிலோ பழைய கசற் ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால், "இந்தப் பாட்டுத்தான் எங்கும் கிடைக்கிறதே" என்று எறிந்துவிடாதீர்கள். முழுதாய்ப் பிரதி செய்யுங்கள். மேலே எழுதியிருக்கும் கையெழுத்தையும் படம் எடுங்கள். நல்ல பதிப்பாசிரியன் தனக்குப் பிடிக்காத பாடத்தை அழிப்பதில்லை, அடிக்குறிப்பிலாவது வைத்திருப்பான்.